ஒரு நெல் நீளம்

கல்வெட்டில் போன் நம்பர் போட்டது என் யோசனைதான். கல் செதுக்குகிறவரே தயங்கினார். "அப்பா ஞாபகக் கல்லுல கடை நம்பர் வேணுமா சார்?" என்று கேட்டார். நாலு பேர் போய் வருகிற இடம், அப்பாவும் கணக்குப் பார்த்து வாழ்ந்தவர்தான், கோபித்துக்கொள்ள மாட்டார், போடுங்க என்றேன். கறுப்புக் கிரானைட்டில் மேலே கொட்டை எழுத்தில் 'அமரர் பக்தவச்சலம் நினைவாக'. அதற்குக் கீழே அதைவிடக் கொட்டை எழுத்தில் 'உபயம்: ப. சுப்பராயலு, சாமுண்டீஸ்வரி டிரேடர்ஸ், சிமெண்ட், கம்பி, ஜல்லி.' அதற்கும் கீழே நம்பர். தை மாதம், இரும்புப் பாலத்து முனையில் நான் கட்டிய மேடையைத் திறந்தோம். நாலு மாதத்தில் அந்தக் கல்லைப் பார்த்து ஒரு மூட்டை சிமெண்ட் கேட்டு ஒருத்தரும் போன் செய்யவில்லை. முதல் போன் மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.

"சார், நான் அனுப்பிரியா, அசிஸ்டன்ட் இன்ஜினீயர். இங்க இரும்புப் பாலத்துக்கிட்ட நிக்கறேன். கல்வெட்டுல உங்க நம்பர் இருந்தது. கொஞ்சம் வர முடியுமா?"

பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக. அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையை ஒரு தனி மனிதன் தன் செலவில் செய்திருக்கிறானே, யார் அவன் என்று மேலிடத்தில் கேட்டிருப்பார்கள் என்று தோன்றியது. வேறு சட்டை மாற்றிக்கொண்டேன். கடையின் பெயருக்குச் சொந்தக்காரியான என் மனைவி சாமுண்டீஸ்வரி, "என்ன, மாப்ள பார்க்க வர்றாங்களா?" என்றாள். மொபெட்டை எடுத்தேன்.

எங்கள் ஊர் தாம்பரத்துக்குக் கிழக்கே, மேடவாக்கம் தாண்டி, பழைய மகாபலிபுரம் சாலையையும் தாண்டினால் வரும். ஊருக்குக் கிழக்கே கால்வாய். கால்வாய்க்கு அந்தப் பக்கம் மணல், சவுக்கு, மீனவர் குப்பம், கடல். 2003-ஆம் வருஷம் அது. சாலை ஓரமெல்லாம் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பத் தொடங்கியிருந்தன. எங்கள் கழனியில் பாதி மனையாகி, மீதிப் பாதியும் மனையாகக் காத்திருந்தது. ஊரில் எல்லாமே புதுசாகிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், மாற்றவே முடியாத ஒன்றாக நின்றது அந்தப் பாலம்தான். நூற்றிருபது அடி நீளம். நடுவில் தூண் கிடையாது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரே தாவல். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இரும்புச் சட்டங்கள், நேராகவும் சாய்வாகவும் முக்கோணம் முக்கோணமாகக் கோத்து, குமிழ் குமிழாக ஆணி அடித்தது. ஒரு இடத்தில்கூட வெல்டிங் கிடையாது. இரும்பு விற்கிறவன் சொல்கிறேன், அந்த மாதிரி வேலை இப்போது காசு கொடுத்தாலும் கிடைக்காது.

அது எங்கள் ஊருக்காகச் செய்த பாலமே இல்லை. எங்கேயோ ஒரு ரயில் பாதையில் இருந்ததாம். இஞ்சின்கள் கனம் கூடக்கூட அதற்கு இது போதாது என்று கழற்றிவிட்டார்கள். கழற்றியதை வீணாக்காமல், துண்டு துண்டாக, உப்புப் படகுகளில் ஏற்றிக் கால்வாய் வழியாகவே கொண்டுவந்து இங்கே பூட்டினார்களாம். அது எந்த வருஷம் என்பதில் ஊரில் இரண்டு கட்சி உண்டு. துண்டுகள் இடம் மாறிப் போகாமலிருக்க ஒவ்வொரு முடிச்சிலும் ஆங்கில எழுத்தும் எண்ணும் குத்தியிருந்தார்கள். அடியில் எல் ஒன்று, எல் இரண்டு. மேலே யூ ஒன்று, யூ இரண்டு. பள்ளிக்கூடப் பக்கமே போகாத குப்பத்துப் பெண்களுக்கு அந்த எண்கள் அத்தனையும் அத்துப்படி. "எல் மூணுல குந்திகினு இரு, வந்துடறேன்" என்று கூவிக்கொண்டு போவார்கள். யார் எந்த இடத்தில் கூடையை இறக்கி மூச்சு வாங்குவது என்பதுகூட எண்ணில்தான் இருந்தது. ரயிலே வேண்டாம் என்று தள்ளிய பாலம் எண்பது வருஷமாக மீன் கூடைகளைத் தாங்கிக்கொண்டு, உப்புக் காற்றில், ஒரு நாள் லீவு போடாமல் நின்றிருக்கிறது. நானும் ஐம்பது வயதுக்குமேல் வாழ்ந்துவிட்டேன், இந்த மாதிரி பேர் வாங்கியிருக்கிறேனா என்றால் இல்லை.

என் அப்பா பக்தவச்சலத்துக்கு அது சாமி மாதிரி. நான் பிறப்பதற்கு முந்தின வருஷம் ஐப்பசி மழையில் கால்வாயும் ஏரியும் ஒன்றாகிவிட்டன. மாட்டைக் காப்பாற்றப் போன அப்பா வீட்டுக்குத் திரும்ப முடியாமல், பதினோரு மாடுகளோடு பாலத்தின் மேல் ஏறி நின்றார். இரண்டு நாள். தண்ணீர் பலகையைத் தொட்டுக்கொண்டு ஓடியதாம். குப்பத்துக்காரர்கள் கட்டுமரத்தில் வந்து கஞ்சியும் சுட்ட கருவாடும் கொடுத்திருக்கிறார்கள். அதுவரைக்கும் கருவாட்டு வாசனைக்கே மூக்கைப் பொத்துகிற வீடு எங்கள் வீடு. அதற்குப் பிறகு மாதம் ஒரு நாள் கருவாட்டுக் குழம்பு வைக்காவிட்டால் அப்பா சாப்பிட உட்கார மாட்டார். அந்த இரண்டு நாளைப் பற்றிக் கேட்டால் அவர் சொல்வது எப்போதும் ஒரே வாக்கியம்தான்: "அது ஆடுச்சுடா. ஆனா விடல."

எனக்கு அதில் முதல் பாதிதான் காதில் விழுந்திருக்கிறது.

போனேன். பாலத்தின் மேற்கு முனையில் ஒரு ஸ்கூட்டி நின்றது. தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, கையில் டேப்போடு ஒரு பெண் கரைச் சுவருக்குக் கீழே இறங்கி நின்றுகொண்டிருந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். நான் வணக்கம் சொன்னதற்குப் பதில் வணக்கம் சொல்லிவிட்டு, "இங்க பாருங்க சார்" என்று சுவரைக் காட்டினாள். பாலத்தின் பாதத்தைத் தாங்குகிற கருங்கல் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடியது. விரலை நுழைக்கலாம். விரிசலுக்குக் குறுக்கே மூன்று இடத்தில் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்ட் வைத்து ஒட்டியிருந்தாள். மூன்றும் நடுவில் உடைந்திருந்தன.

"நேத்து காலையில ஒட்டினேன். விரிசல் பழசா இருந்தா, அசையாம இருந்தா, கண்ணாடி அப்படியே இருக்கும். மத்தியானத்துக்குள்ள மூணும் போச்சு. சுவரைப் பாலம் தள்ளிட்டு இருக்கு சார்."

"பாலம் எதுக்கும்மா சுவரைத் தள்ளுது? நல்லா கான்கிரீட் போட்டு இறுக்கி வச்சிருக்கேனே" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். "சார், இது நூத்தி இருபது அடி இரும்பு. காலையில இருக்கற நீளம் மத்தியானம் இருக்காது. வெயில்ல நீளும். சாயங்காலம் சுருங்கும். அதனாலதான் ஒரு முனையைக் கட்டிட்டு, இந்த முனையை ரோலர்மேல வச்சாங்க. அது முன்னாடி பின்னாடி போயிட்டு வரணும். அந்த ரோலரைத்தான் நீங்க கான்கிரீட்டுக்குள்ள மூடிட்டீங்க."

"எவ்ளோ நீளும்?"

கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிடித்து, கொஞ்சமாகப் பிரித்துக் காட்டினாள். நான் சிமெண்ட் வியாபாரியாகிப் பதினைந்து வருஷம் ஆகிறது. ஆனால் அந்த இடைவெளியைப் பார்த்ததும் எனக்கு இஞ்ச் வரவில்லை, சென்டிமீட்டர் வரவில்லை. ஒரு நெல் நீளம் என்றுதான் மனசில் வந்தது. ஒரு நெல், கொஞ்சம் கூட.

வெள்ளிக்கிழமை பெரிய இன்ஜினீயர் பார்வையிட வருகிறார் என்றாள். அதுவரைக்கும் இரண்டு முனையிலும் சவுக்குக் கட்டை கட்டிப் பாலத்தை மூடப் போகிறார்கள். அன்றைக்கும் சுவர் அசைந்தால் 'உபயோகத்துக்குத் தகுதியற்றது' என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் அறுத்து ஏலம் போடுவார்கள். புதுப் பாலம் வரும், எப்போது என்று அவளால் சொல்ல முடியாது. "ரோலர் ஃப்ரீ ஆகி, கண்ணாடி உடையாம இருந்தா, ஆள் நடக்க மட்டும் விடலாம்னு நான் எழுதலாம். ஆனா உடைக்க எங்ககிட்ட ஃபண்ட் இல்ல. கேட்டு வாங்கறதுக்குள்ள ஆடி வந்துடும். யார் உடைச்சாலும் நான் பார்க்கல சார். வெள்ளிக்கிழமை காலையில வந்து புதுக் கண்ணாடி ஒட்டுவேன், அவ்ளோதான்." ஸ்கூட்டியைக் கிளப்பும்போது கல்வெட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, "கான்கிரீட் நல்லா போட்டிருக்கீங்க சார்" என்றாள். கிண்டலா நிஜமா என்று தெரியவில்லை.

அவள் போன பிறகு அங்கேயே நின்றேன். பதினொன்றேகால் இருக்கும். திடீரென்று பாலத்துக்குள்ளிருந்து 'டமார்' என்று ஒரு சத்தம். பங்குனியிலிருந்தே தினமும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கேயோ பாறைக்கு வெடி வைக்கிறார்கள் என்று கடையில் உட்கார்ந்து நானே நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அவ்வளவு பெரிய இரும்பு, நீள முடியாமல், நான் போட்ட கட்டையில் முட்டிக்கொண்டு கத்துகிறது. அப்பாவைத் தாங்கியது. பதினோரு மாட்டைத் தாங்கியது. அதன் காலைக் கட்டிப்போட்டு அதன்மேல் என் போன் நம்பரை எழுதியிருக்கிறேன்.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். எது ஆடினாலும் சிமெண்டைக் கலந்து ஊற்று. கதவு நிலை ஆடுகிறதா, கைப்பிடிச் சுவர் ஆடுகிறதா, அம்மிக்கல் ஆடுகிறதா, ஒரு சட்டி கலவை. அப்பா போன பிறகு அவர் பெயரில் அந்த முனையில் ஒரு மேடை கட்டிக் கொடுக்க நினைத்து அளவெடுக்கப் போனபோதுதான் அந்த உருளைகளை முதல்தடவையாகக் கிட்டத்தில் பார்த்தேன். பாலத்தின் பாதம் தரையில் உட்காராமல், பக்கத்துக்கு நாலு உருளையின்மேல், எண்ணெய்ப் பிசுக்கோடு, மீன் நாற்றத்தோடு நின்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா சொன்ன ஆட்டம் இதுதானா, அஸ்திவாரமே இல்லாமலா இத்தனை வருஷம் நின்றது என்று பதறி, மேடையோடு சேர்த்து உருளைகளையும் முழுசாக மூடச் சொன்னேன். கடையிலேயே உசத்தியான சிமெண்ட், ஒன்றுக்கு ஒன்றரை மணல், கறுப்பு ஜல்லி. என் வாழ்க்கையில் கலவையில் கை இறுக்காமல் போட்ட ஒரே வேலை அது.

திறப்பு விழாவில் மைக் வைத்து, கேசரி கொடுத்தோம். குப்பத்துக் கோதண்டம் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் அப்பா ஒரு காலத்தில் அந்தப் பாலத்துக்கு லஸ்கராக இருந்தவர், அதாவது காவலும் பராமரிப்பும். அந்த வேலையையே அரசாங்கம் எடுத்துவிட்ட பிறகும், வருஷா வருஷம் குப்பத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வாரம், கோதண்டம் ஒரு பாட்டில் சுறா எண்ணெய் கொண்டுவந்து அந்த உருளைகளுக்கு ஊற்றுவான். அந்த நாற்றம் அதுதான். விழாவில் அவன் கையைத் தூக்கி, "ஏண்ணா, உருளைய மூட்டியே, அது நடமாட வேணாவா?" என்று கேட்டான். நான் மைக்கிலேயே பதில் சொன்னேன். "இனிமே உனக்கு எண்ணெய்ச் செலவு மிச்சம் கோதண்டம். நூறு வருஷத்துக்கு ஆடாது!" கூட்டம் கை தட்டியது. கோதண்டம் மட்டும் கேசரி வாங்காமல் போனான்.

அன்று ராத்திரி சாமுண்டீஸ்வரியிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "மாமா கல்லு?" என்றாள். மேடையை உடைத்தால் கல்லும் போகும். "போகும்" என்றேன். நான் ஒரு முடிவுக்கும் வரவில்லை. பொய் சொல்வானேன், புதன்கிழமை காலை முழுவதும் கடையில் உட்கார்ந்து வேறு வழி இருக்கிறதா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை மேகம் போட்டால்? வெயில் தாழ்ந்தால்? கத்திரி வெயிலில் மேகத்தை நம்பி உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அப்பா பெயரை நானே சம்மட்டியால் அடிப்பது எப்படி என்பது ஒரு பக்கம். மைக்கில் சொன்னதை ஊர் மறந்திருக்காது என்பது இன்னொரு பக்கம். எந்தப் பக்கம் கனம் என்று கேட்டால், இரண்டாவதுதான்.

முத்தாலம்மாள் அன்றைக்கு எங்கள் வாசலுக்கு வந்தது மத்தியானம் இரண்டு மணிக்கு. கோதண்டத்தின் மனைவி. இருபது வருஷமாக எங்களுக்கு மீன் கொடுக்கிறவள். காலையில் படகு அணைந்ததும் எடுத்து, பாலத்தைக் கடந்து, எங்கள் தெருவில் ஒரு பங்கை விற்றுவிட்டு, பஸ் பிடித்து மேடவாக்கம், கோவிலம்பாக்கம் வரைக்கும் போவாள். பதினொன்றைத் தாண்டி வந்ததே இல்லை. அன்றைக்குப் புடவைத் தலைப்பெல்லாம் வியர்வையில் நனைந்து, கூடையை இறக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். சாமுண்டீஸ்வரி சங்கரா மீனை எடுக்கப் போனாள். முத்தாலம்மாள் அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"வேணாங்கா. இத்த உனுக்குத் தர மாட்டேன். செவுளு வெளுத்துப் பூட்ச்சு பாரு. எட்டு கிலோமீட்டரு சுத்திகினு வந்தா மீனு இன்னா பண்ணும் பாவம்."

தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏண்ணா, பாலத்துக்கு வயசாயிட்சாமே? கட்டையெல்லாம் கட்டிக்கீறாங்க. எங்க ஆத்தா நடந்துச்சு, நான் நடக்கறேன், ஒரு நாளு அது நோவுதுன்னு சொன்னதில்ல. இப்ப திடீர்னு வயசாயிடுமா? நீ இரும்புக் கடை வச்சிக்கீற, நீ இன்னா சொல்ற?"

அவள் எல்லாம் தெரிந்து கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா என்று இன்றைக்குவரைக்கும் எனக்குத் தெரியாது. சாமுண்டீஸ்வரி என்னைப் பார்க்கவே இல்லை. கூடைக்குள் இருந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம், வயதாகிவிட்டது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எண்பது வருஷப் பாலம். யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

"வயசெல்லாம் ஒண்ணுமில்ல முத்தாலம்மா" என்றேன். "நான்தான் அது காலைக் கட்டிட்டேன். கோதண்டம் அன்னிக்கே சொன்னான்."

அவள் கூடையின்மேல் ஈரக் கோணியை இழுத்துவிட்டாள். "தெரியாம பண்ணது போவட்டும்ணா. தெரிஞ்சப்பறமும் ஃபேனு போட்டுகினு குந்திக்கீறியே, அதுதான் எனுக்குப் பேஜாரா கீது" என்றாள். தலையில் சும்மாட்டை வைத்து, கூடையைத் தூக்க சாமுண்டீஸ்வரி கை கொடுக்க, எழுந்து நின்றபிறகு சொன்னாள்: "எங்க வூட்டுக்காரரு வூட்லதான் கீறாரு. நீயே போய்க் கூப்டு. நான் சொல்ல மாட்டேன்."

போனேன். பாலம் மூடியிருந்ததால் நானும் அந்த எட்டு கிலோமீட்டரைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. மொபெட்டில் போன எனக்கே தொண்டை வறண்டுவிட்டது. தலையில் கூடையோடு நடந்தால் எப்படி இருக்கும் என்று, ஐம்பத்திரண்டு வயதில், முதல்தடவையாக யோசித்தேன். கோதண்டம் கூரை நிழலில் வலை கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. என்னைப் பார்த்ததும் வலையைக் கீழே வைத்தான். "உளி இட்டாந்தியாண்ணா, இல்ல கைய வீசிகினு வந்தியா?" என்றான்.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாமலும் ஆரம்பித்தோம். நான், கோதண்டம், என் கொத்தனார் தசரதன். பெரிய மிஷின் வைத்து உடைத்தால் அதிர்ச்சியில் சுவர் இன்னும் விட்டுப்போகும் என்று தசரதன் சொன்னதால், எல்லாம் கை உளியும் சம்மட்டியும்தான். முதலில் கல்வெட்டை முழுசாகப் பெயர்த்துவிடலாம் என்று நாலு பக்கமும் மெதுவாகத் தட்டினோம். வரவில்லை. அவ்வளவு நல்ல கலவை. ஓரத்தில் நெம்பியபோது குறுக்கே இரண்டாகப் பிளந்தது. மேல் பாதியில் அப்பா பெயர் ஒரு கீறல் இல்லாமல் வந்தது. கீழ்ப் பாதியில் நானும் என் நம்பரும். கோதண்டம் இரண்டையும் பார்த்துவிட்டு, "பெரியவரு பொழச்சிகினாரு" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணிலும் தண்ணீர் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வருமென்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு கான்கிரீட். ஒரு அடிக்கு ஒரு சில்லு. "இன்னா சிமெண்டுண்ணா இது, பாவி!" என்று தசரதன் திட்டிக்கொண்டே அடித்தான். அவன் திட்டியது என்னையா, கம்பெனியையா என்று கேட்கவில்லை. ஒன்பது மணிக்குமேல் வேலை ஓடாது. வெயில் ஏறினால் பாலம் நீள ஆரம்பித்துவிடும். உளியைச் செருகினால் அப்படியே கவ்விக்கொள்ளும், பிடுங்க முடியாது. அப்போதெல்லாம் நிறுத்திவிட்டுக் கரையில் உட்கார்ந்திருப்போம். சாயங்காலம் அது தளர்ந்து கொடுத்ததும் மறுபடி. எனக்கு உள்ளங்கை கொப்புளித்து உடைந்துவிட்டது. பதினைந்து வருஷமாக மூட்டையைத் தூக்கச் சொல்லித்தான் பழக்கம், தூக்கிப் பழக்கமில்லை. கோதண்டம் என் கையிலிருந்து சம்மட்டியை வாங்கவில்லை. தன் தலைத்துண்டைக் கிழித்து எனக்குக் கையில் கட்டிவிட்டு, "அடி" என்றான்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குக் கடைசி உருளையின் முதுகு தெரிந்தது. துரு ஏறியிருந்தது, ஆனால் தேயவில்லை. கம்பித் தூரிகையால் தேய்த்து, கெரசின் விட்டுக் கழுவினோம். கோதண்டம் ஒரு பெரிய பாட்டிலிலிருந்து எண்ணெயை ஊற்றினான். சுறா எண்ணெய் நாற்றம் நாலு மாதத்துக்குப் பிறகு மறுபடி எழுந்தது. நான் மூக்கைப் பொத்தவில்லை. உருளையின் வட்ட முகத்திலும் அதன் கீழே உள்ள தகட்டிலும் ஒரே நேர்க்கோடாகச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். நகர்ந்தால் கோடு இரண்டாக உடைந்து விலகும்.

அனுப்பிரியா எட்டரைக்கு வந்தாள். உடைத்துக் குவித்த சில்லுகளைப் பார்த்தாள், என் கைக்கட்டைப் பார்த்தாள். பழைய கண்ணாடிகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, விரிசலுக்குக் குறுக்கே புதுசாக மூன்றை ஒட்டினாள். "பெரிய இன்ஜினீயர் பன்னண்டு மணிக்கு வருவார் சார். அதுக்குள்ள தெரிஞ்சிடும்" என்றாள். "ரோலர் ரொம்ப நாள் இறுகிக் கிடந்திருக்கு. முதல் நாளே நகருமான்னு என்னால சொல்ல முடியாது. நகரலைன்னா சுவர்தான் வாங்கிக்கும்."

ஒன்பது. பத்து. கத்திரி என்றால் அப்படி ஒரு கத்திரி. கால்வாய்த் தண்ணீரைப் பார்க்கக் கண் கூசியது. இரும்பில் கை வைக்க முடியவில்லை. பாலத்தின் கிழக்கு முனையில், சவுக்குக் கட்டைக்கு அந்தப் பக்கம், கூடைகள் வந்து சேர ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, பிறகு பத்துப் பதினைந்து. சுற்றிப் போகிற வழியில் யாரும் போகவில்லை. கூடையின்மேல் ஈரக் கோணியும் தலையில் முந்தானையுமாக நின்றார்கள். மீன் கெட்டுக்கொண்டிருந்தது. யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை, அவர்களாகவே காத்திருந்தார்கள். முன்னால் முத்தாலம்மாள் நின்றாள். நூற்றிருபது அடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் தெரியவில்லை, நிற்கிற தோரணை தெரிந்தது.

பதினொன்று ஆனது. நான் சுவருக்குக் கீழே சப்பணமிட்டு உட்கார்ந்து, சாக்பீஸ் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு நேராக இருந்தது. பக்கத்தில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு அனுப்பிரியா. அவளுக்குப் பக்கத்தில் கோதண்டம், காலி பாட்டிலோடு. பதினொன்று பத்து. கோடு நேராகவே இருந்தது. பாலத்துக்குள் எங்கேயோ ஒரு முனகல் கேட்டது. இரண்டு மாதமாக அந்த 'டமார்' வருவதற்கு முன்னால் இப்படித்தான் ஆரம்பிக்கும். கோதண்டம் கண்ணை மூடிக்கொண்டான். நூறு வருஷத்துக்கு ஆடாது என்று மைக்கில் சொன்ன அதே வாய், தன்னை அறியாமல், 'ஆடு, ஆடு, ஆடு' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

பதினொன்றேகால் கடந்து போனது. சத்தம் வரவில்லை.

குனிந்து பார்த்தேன். உருளையின்மேல் எண்ணெய் ஒரு சின்ன மடிப்பாகத் திரண்டிருந்தது. உருளைக் கோடு கிழக்கிலிருந்து மேற்காக, தகட்டுக் கோட்டை விட்டு விலகியிருந்தது. எவ்வளவு என்று கேட்கிறீர்களா. அரை நெல்கூட இருக்காது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம். நூற்றிருபது அடி இரும்பு, அத்தனை குமிழ், அத்தனை முக்கோணம், எல்லாம் சேர்ந்து, சோம்பல் முறிக்கிற மாதிரி, என் கண் முன்னால் காலை நீட்டியது. நான் அனுப்பிரியாவைத் தொட்டுக் காட்டினேன்.

"இன்னும் மூணு மணி வரைக்கும் ஏறும் சார்" என்றாள் அவள். கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பார்க்கணும். மழைக்காலம் வரைக்கும் பார்க்கணும்." தூரத்தில், ஊர்ப் பக்கத் திருப்பத்தில், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே, பெரிய இன்ஜினீயரின் ஜீப் கிளப்பிய புழுதி தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் மேலே பலகையில் சத்தம் கேட்டது. தொப், தொப், தொப் என்று வெறுங்காலின் சத்தம். எட்டிப் பார்த்தேன். முத்தாலம்மாள் சவுக்குக் கட்டைக்குக் கீழே குனிந்து நுழைந்து, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, தன்னந்தனியாகப் பாலத்தின்மேல் நடந்து வந்துகொண்டிருந்தாள். யாரும் அவளுக்குச் சைகை காட்டவில்லை. இங்கே நடந்தது எதுவும் அங்கிருந்து அவளுக்குத் தெரிந்திருக்காது. டமார் சத்தம் வரவில்லை என்பது மட்டும்தான் தெரிந்திருக்கும். அனுப்பிரியா எழுந்தாள், கையைத் தூக்கினாள், 'நிறுத்துங்க' என்று சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, கையை இறக்கிவிட்டு மறுபடி கண்ணாடியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். நானும் கோதண்டமும் அவளுக்கு இரண்டு பக்கமும் குனிந்தோம். எல் ஒன்று, எல் இரண்டு என்று காலடிச் சத்தம் எங்களை நோக்கி வந்துகொண்டே இருந்தது. நடுவில் இருந்த கண்ணாடித் துண்டில் வெயில் ஒரு புள்ளியாக விழுந்திருந்தது. ஒவ்வொரு காலடிக்கும் அந்தப் புள்ளி லேசாக நடுங்கியது, நின்றது, நடுங்கியது, நின்றது.